அப்பாவின் கேள்விக்குப் பதில்

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகன் எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் தங்கையும் சின்ன அத்தையும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். அப்பாவின் கடிதம் போன வாரம் கிடைத்தது. மற்ற செய்திகளுக்கு நடுவே, "அங்கே போனபின் யாருக்காவது ஆண்டவரைப் பற்றிச் சொன்னாயா?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. ஆகவே விடுமுறை நாள் வரும்வரை பொறுத்திருந்து இன்று எழுதுகிறேன்.

சொல்லியிருக்கிறேன், அப்பா. ஆனால் அவர்களாகக் கேட்ட பிறகே சொன்னேன். இங்குள்ளவர்களில் பலர் வேதத்தை அறியாதவர்கள் அல்லர். சிறு வயதில் ஆலயத்துக்குப் போய்வந்து, பிறகு ஏதோ ஒரு கசப்பினால் விலகிப்போனவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம், அவர்களுடைய மொழியையே தட்டுத்தடுமாறிப் பேசுகிற ஒருவன் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டினால், மரியாதையாக மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சம்பளம் குறைந்த மாதத்திலும், யாரும் கண்காணிக்காத இரவு வேலையிலும் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை அவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

குளிரைப் பற்றி அம்மா கவலைப்பட்டிருந்தார். இப்போது எனக்கு நல்ல கோட்டு இருக்கிறது. அது கிடைத்த விதத்தைச் சொன்னால் அப்பாவின் கேள்விக்கும் பாதிப் பதில் ஆகிவிடும். வந்த புதிதில் நான் அணிந்திருந்த மேலுடுப்பு இந்தக் காற்றுக்குப் போதாது என்பதை ஆராதனைக்கு வரும் ஒரு மூதாட்டி கவனித்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடித்த கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "என் மகனுக்குச் சிறிதாகிவிட்டது, வீட்டில் இடத்தை அடைக்கிறது, நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும்" என்றார். அறைக்கு வந்து பைக்குள் கையை விட்டபோது புத்தம்புதிய கம்பளிக் கையுறைகள் இருந்தன. உள்துணியில் இருந்த ஒரு கிழிசலை நுணுக்கமாகத் தைத்து, பொத்தான்களையெல்லாம் புது நூலால் இறுக்கியிருந்தார். வாங்குகிறவனுக்குக் கூச்சம் வரக்கூடாது என்று எவ்வளவு யோசித்திருப்பார்! யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அங்கே எழுதப்படவில்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது அந்த விதவைகளின் கண்ணீர் எனக்கு விளங்கியது.

இங்குள்ள போதகர் வேதபாட வகுப்பில் பக்கோமியுஸ் என்பவரைப் பற்றிச் சொன்னார். கி.பி. 312 அளவில் எகிப்தில் ரோமப் படைக்கு வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் அவர். தேபேஸ் நகரில் மற்றவர்களோடு அடைபட்டுக் கிடந்தபோது, முன்பின் தெரியாத சிலர் மாலையில் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர்கள் யார், எதற்காக நமக்குச் செய்கிறார்கள் என்று அவர் விசாரித்தபோது, கிறிஸ்தவர்கள் என்று பதில் கிடைத்தது. படையிலிருந்து விடுபட்டதும் அவர் ஞானஸ்நானம் பெற்றார். துறவிகள் கூடி வாழும் சமூக அமைப்பை உருவாக்கிய முன்னோடி என்று சபை வரலாறு இன்றும் அவரைப் போற்றுகிறது. உணவு கொண்டுவந்தவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தங்கள் கையால் சாப்பிட்டவன் பின்னாளில் என்ன ஆவான் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. அடைபட்டிருந்தவனுக்குப் பசித்தது, அவர்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

என் அறைக்கு நேர் கீழே குடியிருக்கும் பெரியவரைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தனியாக இருக்கிறார். மாடிப்படியில் யாருடைய காலணிச் சத்தம் கேட்டாலும் கதவைத் திறந்து கண்டிப்பார். பனி விழத் தொடங்கியபோது, "வெளியே போக முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அவர் கதவிடுக்கில் வைத்தேன். மறுநாள் அதே தாள் என் கதவில் இருந்தது. என் எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் திருத்தி, ஒரு வினைச்சொல்லுக்குக் கீழே இரட்டைக் கோடும் போட்டிருந்தார். உதவி வேண்டும், வேண்டாம் என்று ஒன்றும் எழுதவில்லை. நான் திருத்தங்களைப் பார்த்து அந்தக் குறிப்பை மீண்டும் ஒழுங்காக எழுதி வைத்தேன். அன்றிலிருந்து அவருக்கு ஏதாவது தேவையென்றால் தாளில் எழுதுகிறார், நான் பதில் எழுதுகிறேன், அவர் திருத்துகிறார். நான் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வாசற்படியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டி உப்புத் தூவிவிட்டுப் போகிறேன். அவரால் எனக்குக் கிடைத்திருக்கும் மொழிப் பயிற்சிக்கு எந்த வகுப்பிலும் பணம் கட்டி ஈடுசெய்ய முடியாது. ஆகவே உதவுகிறவன் நான் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள்.

அவர் ஆலயத்துக்கு வருவதில்லை. வருவாரா என்றும் எனக்குத் தெரியாது. வந்தால்தான் பனியைச் சுரண்டுவேன் என்றோ, இத்தனை செய்தபிறகும் வரவில்லையே என்றோ என் மனதில் ஓர் எண்ணம் நுழைந்தால், நான் செய்வது அன்பு அல்ல, தூண்டிலில் கோத்த இரை ஆகிவிடும். போன மாதம் அவர் மேசையில் அவரோடு சாப்பிட உட்கார்ந்தேன். நான் வழக்கம்போலத் தலைகுனிந்து ஜெபித்து முடிக்கும்வரை, எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரும் பேசாமல் காத்திருந்தார். பிறகு, "யாருக்கு நன்றி சொன்னாய்?" என்று கேட்டார். அப்போது சொன்னேன். நம்பிக்கையைக் குறித்து உங்களிடம் விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் எழுதியதன் அழகை அந்த மேசையில் கண்டேன். விசாரிக்கும்படியான வாழ்க்கை ஒன்று முதலில் இருக்க வேண்டும் அல்லவா?

வேலை இடத்தில் நடந்ததும் இதுபோன்றதே. குளிர்பதனக் கிடங்கில் மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு அறையின் வெப்பநிலையையும் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இரவில் பலர் ஓரிடத்தில் உட்கார்ந்து, விடியும்போது எல்லாக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். நான் நடந்து பார்த்தே எழுதினேன். ஒரு நாள் ஓர் அறையின் அளவு வரம்பைத் தாண்டியிருந்ததை அப்படியே குறித்ததில் மேற்பார்வையாளருக்கு வருத்தம். அதன்பிறகு எனக்குக் கிடைக்கும் வேலை நேரம் கொஞ்சம் குறைந்தது. அது பெரிய விஷயமில்லை. வேறொரு சிறிய வேலையும் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என்னோடு இரவு வேலை பார்க்கும் இளைஞன், "பொய் எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலில் ஆண்டவருடைய நாமம் இருந்தது. இப்போது அவனும் நடந்து பார்த்து எழுதுகிறான்.

அப்படியானால் வாயைத் திறக்கவே வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டும், அப்பா. அதில் உங்கள் பக்கம்தான் நான். அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தில், லீஸ்திரா பட்டணத்தில் பவுலின் சொல்லால் பிறவிச் சப்பாணி எழுந்து நடந்ததைக் கண்ட ஜனங்கள் பர்னபாவையும் பவுலையும் தேவர்கள் என்று சொல்லிப் பலியிட வந்தார்கள். அந்த இருவரும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு, நாங்களும் உங்களைப் போன்ற மனுஷரே, ஜீவனுள்ள தேவனிடம் திரும்புங்கள் என்று கூவிச் சொல்ல வேண்டியிருந்தது. செய்தவன் பேசாமல் நின்றுவிட்டால் புகழ் அவனுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. "நீ நல்லவன்" என்று யாராவது சொல்லும்போது அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடாமல், எனக்கு இரக்கம் காட்டியவர் ஒருவர் உண்டு என்று சொல்லிவிடப் பழகுகிறேன்.

இவ்வளவு எழுதிவிட்டாலும் சில ஞாயிறுகள் கடினமாக இருக்கின்றன. எல்லாரும் பாடும்போது மெட்டு தெரிந்த பாட்டாகவும் வார்த்தை தெரியாத பாட்டாகவும் இருக்கும். வாய் ஒன்றைப் பாட, மனம் நம் மொழியில் வேறொன்றைப் பாடிக்கொண்டிருக்கும். நீங்கள் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும் நேரத்தில் நான் கிடங்கில் இருப்பேன். அப்பா அதிகாரத்தை வாசிக்கும் குரலும், பாதியிலேயே தூங்கிவிழும் தங்கையை அம்மா தொடையில் தட்டி எழுப்புவதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரும்போது, நான் நின்ற இடத்திலேயே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அம்மா இதைப் படித்துவிட்டு அழ வேண்டாம்.

இனி வீட்டுக் காரியங்கள். தங்கையின் சம்பந்தப் பேச்சில், நான் இங்கே நிர்வாக அதிகாரியாக இருப்பதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருப்பதாகச் சின்ன அத்தை எழுதியிருந்தார். பாசத்தில் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். என்றாலும், கிடங்கில் பதிவேடு எழுதும் வேலை என்று அப்பாவே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு விலகுகிற வீடாக இருந்தால் இப்போதே விலகட்டும். தங்கை அந்த வீட்டில் தன் விசுவாசத்தைக் காட்டி வாழப்போகிறவள். அவள் காலெடுத்து வைக்கும் முன்பே ஒரு பொய் அங்கே போய் உட்கார்ந்திருக்கக் கூடாது.

சித்தப்பாவோடு உள்ள எல்லைச் சுவர் விஷயத்தில் மகன் அப்பாவுக்குப் புத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எனக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். இரு வீட்டையும் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கேட்கிற அந்த ஓரத்து நிலம் என் பங்கில்தான் வருகிறது. எனக்கு அது வேண்டாம். என் பெயரில் கையொப்பம் தேவையென்றால் காகிதத்தை அனுப்புங்கள். அவர் வீட்டுக்கு அப்பாவே முதலில் போனால் நன்றாயிருக்கும். அம்மாவும் கூடப் போகட்டும், சித்தி அம்மாவின் பேச்சைத் தட்ட மாட்டார்.

வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். அவர் வராத நாட்களுக்கும் சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். இந்த மாதம் நான் அனுப்பும் பணம் சில நாள் தாமதமாக வரும்; குளிர்காலச் செலவு கொஞ்சம் கூடுதல், வேறொன்றுமில்லை. அதற்காக அம்மா மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதையும், சித்தப்பா என்ன சொன்னார் என்பதையும் உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்