ஹைபிரிட் கார்: விலை வித்தியாசத்தை லிட்டரில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் பெட்ரோல் காரைவிட ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை எரிபொருள் சேமிப்பிலேயே கழிந்துவிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை நகர்ந்துவிட்டது. வாங்குகிறவருக்குக் கை கடிக்கும் இடமே அதுதான். ஏழு வருஷமாக ஹைபிரிட் கார் ஓட்டுகிறவன் என்பதால் அந்த ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

என் காரில் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தையும் பிடித்த லிட்டரையும் அதில் எழுதிவிடுவேன். டாஷ்போர்டு காட்டும் சராசரி கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது; நோட்டு அப்படியில்லை. ஒரு லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு, நகர நெரிசலில் என் கார் தருவது லிட்டருக்கு 20 கிலோமீட்டர்.

வாங்கிய அன்று ஷோரூமில் போட்டுக் காட்டிய கணக்கு வேறு. என் பழைய கார் லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் கொடுத்தது. ஹைபிரிட்டுக்கு விளம்பரத் தாளில் 25 என்று போட்டிருந்தது. வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால் பழைய காருக்கு 1,600 லிட்டர், புதியதற்கு 800. பாதிக்குப் பாதி மிச்சம் என்றார் விற்பனைப் பிரதிநிதி. அதே மாடலின் பெட்ரோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் இருந்த விலை வித்தியாசம், அன்றைய விலையில் 2,400 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். மூன்றே வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். 25 என்பது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. சாலையில் எனக்குக் கிடைத்தது 20. இன்னொரு ஓட்டை பெரியது. பழைய காரை நான் எப்படியும் மாற்றத்தான் போகிறேன். அப்படியிருக்க, ஹைபிரிட்டை அதோடு ஒப்பிட்டு என்ன பயன்? அதே மாடலின் புதிய பெட்ரோல் காரோடுதான் ஒப்பிட்டிருக்க வேண்டும். என் அலுவலக நண்பர் அந்தப் பெட்ரோல் காரைத்தான் வாங்கினார். அதே சாலைகளில் அவருக்கு 14 கிடைக்கிறது. 20,000 கிலோமீட்டருக்கு அவருக்கு ஏறத்தாழ 1,430 லிட்டர், எனக்கு 1,000. ஆக, மிச்சம் வருஷத்துக்கு 430 லிட்டர். 2,400 லிட்டரைத் திரும்ப எடுக்க எனக்கு ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆனது. கடனில் வாங்கியிருந்தால் அந்த 2,400-க்கான வட்டியும் சேர்ந்திருக்கும்.

இதையெல்லாம் பணத்தில் எழுதாமல் லிட்டரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையால் வகுத்துவிட்டால், எந்த நாட்டில் எந்த நாணயத்தில் வாங்கினாலும் அந்தக் கார் எத்தனை லிட்டர் கடனோடு வீட்டுக்கு வருகிறது என்பது பளிச்சென்று தெரியும். அதன்பின் வருஷத்துக்கு எத்தனை லிட்டர் மிச்சமாகும் என்று பார்த்தால் போதும். மைலேஜ் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 10 கிலோமீட்டர் தரும் பெரிய வண்டி ஹைபிரிட்டாகி 13 தந்தால், 20,000 கிலோமீட்டரில் மிச்சம் 460 லிட்டர். 20 தரும் சின்னக் கார் 28-க்கு எகிறினாலும் மிச்சம் 286 லிட்டர்தான். கேட்பதற்கு இரண்டாவதுதான் பெரிதாக இருக்கிறது!

போன வருஷம் என் மைத்துனர் ஹைபிரிட் வாங்கட்டுமா என்று கேட்டார். அவர் வாரம் ஒருமுறை வண்டியை எடுப்பவர். வருஷத்துக்கு 7,000 கிலோமீட்டர், அதுவும் பெரும்பாலும் நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் பெட்ரோல் கார் 17 தந்தால் ஹைபிரிட் 20 தரும். அவருக்கு மிச்சம் வருஷத்துக்கு 60 லிட்டர் சொச்சம். 2,400-ஐ 60-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டேன். 40 வருஷம் எந்தக் கார் ஓடும்?

இரண்டு பேருக்கும் ஏன் இந்த வேறுபாடு என்பதை விற்பனைக்கூடங்களில் சொல்வதேயில்லை. ஹைபிரிட்டின் பலம் நின்று நின்று போவதில் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சூடாகி வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடுகிறது. கிளம்பும்போது மோட்டார் தள்ளுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவர் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். திரும்பக் கிடைக்க அங்கே என்ன இருக்கிறது? இன்ஜினே சிக்கனமானது என்பதால் வருகிற சிறு லாபம்தான் மிச்சம்.

ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வண்டிகள் விற்கப்படுவதும் மக்களைக் குழப்புகிறது. மைல்டு ஹைபிரிட்டில் இருப்பது இன்ஜினுக்குக் கைகொடுக்கும் ஒரு சிறு மோட்டார். காரைத் தனியாக ஓட்டும் தெம்பு பெரும்பாலும் அதற்குக் கிடையாது, மிச்சமும் சொற்பம். நான் இதுவரை சொன்னது, மோட்டார் மட்டுமே காரைக் கொஞ்ச தூரம் ஓட்டக்கூடிய ஃபுல் ஹைபிரிட்டின் கணக்கு. மூன்றாவதான பிளக்-இன் ஹைபிரிட்டில், வெளி மின்சாரத்தில் சார்ஜ் போடும் பெரிய பேட்டரி இருக்கும். அதைத் தினமும் சார்ஜ் போட்டு ஓட்டினால்தான் பலன். போடாவிட்டால் கனமான பேட்டரியை வீணாகச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓட வேண்டியதுதான். 2021-ல் பதிவான கார்களின் தகவல்களைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, சோதனைக்கூட அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று அதில் இருக்கிறது. வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பேட்டரி போனால் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான், ஆனால் அளவுக்கு மீறிய பயம். பேட்டரியை முழுக்க நிரப்பாமலும் முழுக்கக் காலியாக்காமலும் நடுப்பகுதியிலேயே வைத்து ஓட்டும்படி அமைத்திருப்பதால்தான் அது வருஷக்கணக்கில் உழைக்கிறது. பல நாடுகளில் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை அதற்கு வாரன்ட்டி உண்டு. ஏழு வருஷத்தில் எனக்கு அதில் ஒரு தொல்லையும் வரவில்லை. மறுபக்கமும் பாருங்கள். 1997-ல் ஜப்பானில் வந்த ப்ரியஸ் ஹைபிரிட் கார் தொடங்கி டொயோட்டா பின்பற்றும் அமைப்பில் இன்ஜினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டரோ மின்சாரம் எடுக்கத் தனி ஆல்டர்னேட்டரோ கிடையாது; தேய்ந்துபோகக் கிளட்ச்சும் கிடையாது. பழைய காருக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரேக் பேடு மாற்றினேன். இதற்கு முதன்முதலாக மாற்றியது ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகுதான்.

அந்தப் பேட்டரிக்கு எமன் வேறு இடத்தில் இருந்தான். என் காரில் பின்சீட்டுக்குப் பக்கவாட்டில் சீப்புப்பல் மாதிரி ஒரு சன்னல் இருக்கிறது. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நான்காம் வருஷக் கோடையில் பின்னாலிருந்து ஒரு விசிறிச் சத்தம் விடாமல் கேட்டது. சர்வீஸ் கூடத்தில் இரண்டு முறை காட்டியும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை வேறொரு மெக்கானிக் அந்தச் சன்னலைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்தார். நூலும் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தது. பல மாதமாகப் பேட்டரி வெந்துகொண்டிருந்திருக்கிறது! சுத்தம் செய்ய ஆனது கால் மணி நேரம். பயணிகள் அந்த இடத்தில் பையை வைத்து மறைக்கக்கூடாது என்பதைக் கார் கொடுத்த அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு மாதம் காரை எடுக்காமல் விட்டிருந்தேன். திரும்பி வந்தால் ரிமோட்டுக்குக் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. செத்துப்போனது சாதாரணக் கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. ஹைபிரிட் அமைப்பை எழுப்புவதே அந்தச் சின்னப் பேட்டரிதான். இப்போதெல்லாம் வெளியூர் போனால், வாரத்துக்கு ஒருமுறை காரை எடுத்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

என்னைப் போல நெரிசலில் நிறைய ஓட்டி, எட்டுப் பத்து வருஷம் ஒரே காரை வைத்திருப்பவர்கள் ஃபுல் ஹைபிரிட்டைத் தாராளமாக வாங்கலாம். எனக்கு இன்னொரு கார் வாங்க நேர்ந்தால் அதையேதான் வாங்குவேன். கொஞ்சமாக ஓட்டுகிறவர், மூன்று நான்கு வருஷத்தில் காரை மாற்றுகிறவர் ஆகியோருக்கு அந்த 2,400 லிட்டர் கைவிட்டுப் போன பணம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இனி தங்கள் இதழில் கார் மதிப்புரை வரும்போது, அது மூன்றில் எந்த வகை ஹைபிரிட் என்பதையும், அதே மாடலின் பெட்ரோல் காரைவிட எத்தனை லிட்டர் விலை அதிகம் என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். நகரத்தில் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு என்று தங்கள் நிருபரே டேங்க்கை நிரப்பி அளந்த மைலேஜையும் அதில் சேர்த்துவிட்டால், மிச்சக் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்