லைன் வீடுகளையும் சேர்த்து வார்டு வாரியாகச் சுகாதாரக் கணக்கு வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருப்பூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: சுகாதாரம், குடியிருப்பு இரண்டின் புள்ளிவிவரங்களையும் வார்டு வாரியாகச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், வணக்கம்.

2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊராட்சி ஒன்றில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பதிவேட்டில் எழுதுவது பாதி வேலை. எழுதியது எங்கே போகிறது, எப்போது ஊருக்குத் திரும்பி வருகிறது என்று அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

எங்கள் பகுதியில் லைன் வீடுகள்தான் அதிகம். பத்துக்குப் பத்து ரூம், அதற்குள்ளேயே அடுப்பு, கடைசியில் ஏழெட்டுக் குடும்பத்துக்குப் பொதுவாக ரெண்டு கக்கூஸ். ஒரே கதவு எண்ணில் பன்னிரண்டு குடும்பம் இருக்கும். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்கள் வாடகை ஐந்நூறு குறைந்தால் அடுத்த லைனுக்கு மாறிவிடும். "அட்ரஸ் என்னங்க?" என்றால் கம்பெனி பேரைத்தான் சொல்வார்கள்.

இதனால் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி என்ற இலக்கு பழைய மக்கள்தொகையை வைத்து வரும். வெளியூர்க் குழந்தை வந்தால் போடாமல் அனுப்ப முடியுமா? போடுவோம். மாதக் கடைசியில் கணக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். ஒரு கூட்டத்தில் இதற்காக எனக்குக் கைகூடத் தட்டினார்கள். அதே வாரம் ஒரு லைனில், பிறந்ததிலிருந்து ஓர் ஊசியும் போடாத இரண்டு குழந்தைகளைப் பார்த்தேன். வகுக்கிற எண்ணே தப்பாக இருக்கும்போது சதவீதத்தை என்ன செய்வது?

பெரிய கணக்குகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ரத்தசோகை 2015-16இல் 50.7 சதவீதம், 2019-21இல் 57.4 சதவீதம். ஏறியிருக்கிறது என்று தெரிவதே நல்லதுதான். ஆனால் அந்த ஆய்வு மாவட்டம் வரைதான் பேசும், வார்டைச் சொல்லாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011இல் நடந்தது. அதிலும் திருப்பூர் நகரம் 4,44,352 பேர். சுற்று ஊர்கள் சேர்ந்த பிறகு அதே கணக்கை 8,77,778 என்று வாசிக்கிறோம். 2021இல் வர வேண்டியது தள்ளிப்போய் 2027க்கு என்றாகியிருக்கிறது.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் பரவும் நோய். ஜன்னல் இல்லாத ரூமில் பகல் சிப்ட்டுக்கு ஒருவர், ராத்திரி சிப்ட்டுக்கு ஒருவர் என்று பாயை மாற்றிக்கொண்டு படுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளி விவரம் காசநோய்க்கென்று அரசு வைத்திருக்கும் நிக்ஷய் இணையதளத்தில் இருக்கிறது, வீட்டு விவரம் சொத்துவரிப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

எனவே ஒவ்வொரு வார்டிலும் லைன் வீட்டு ரூம்கள் எத்தனை, ஆட்கள் எத்தனை, கக்கூஸ் எத்தனை, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதையும், பக்கத்திலேயே பிறப்பு, தடுப்பூசி, டெங்கு, காசநோய் எண்ணிக்கையையும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. புது ஆள் போட வேண்டியதில்லை. கொசுப்புழு பார்க்கும் பெண்கள் ஒவ்வொரு லைனின் தண்ணீர்த் தொட்டியையும் ஏறிப் பார்க்கிறார்கள். வரி வசூலிப்பவரைவிட அவர்களுக்கு ரூம் கணக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் நோட்டில் ரெண்டு கட்டம் கூட்டினால் போதும். அந்த வேலைக்கென்று கூலியில் ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெயரோ கதவு எண்ணோ வரக் கூடாது. காசநோய் என்று தெரிந்தால் ஓனர் மறுநாளே ரூமைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் "ஐந்துக்குக் கீழ்" என்று போட்டாலே போதும்.

2027 கணக்கு வந்ததும் இதை அதோடு ஒத்துப் பார்க்கலாம். முதலில் ஒரே வார்டில் செய்து பார்க்கலாம் என்று தாங்கள் நினைத்தால் எங்கள் வார்டிலேயே தொடங்கலாம். எந்த லைனில் எத்தனை கதவு என்பது எனக்கு இன்னும் மனப்பாடம். காலை ஏழு மணிக்குள் போனால்தான் ஆள் இருப்பார்கள், அப்புறம் சிப்ட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்