மலருக்கு: பழைய சென்ட்ஓஎஸ்ஸில் புதிய போஸ்ட்கிரஸ்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது கைத்தடி இல்லாமலே நடக்கிறார், நீ கவலைப்பட வேண்டாம்.

சரி, உங்கள் பரிசோதனைக் கூடத்து சர்வருக்கு வருகிறேன். அது சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது, எத்தனை முறை யம் அப்டேட் (மென்பொருளைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தாலும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் 9.2 பதிப்புதான் வருகிறது என்று எழுதியிருந்தாய். அப்படித்தான் வரும். சென்ட்ஓஎஸ் 7 வெளியானது 2014இல். சென்ட்ஓஎஸ் சேர்ந்த ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பத்தில் ஒரு டேட்டாபேஸ் பதிப்பைப் பிடித்தால் அந்த இயங்குதளத்தின் ஆயுள் முழுக்க அதையே வைத்துக்கொண்டு ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள். போஸ்ட்கிரஸ் குழுவோ 9.2க்கான ஆதரவை 2017 நவம்பரிலேயே முடித்துக்கொண்டது. 2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7இன் காலமும் முடிந்தது.

புதிய இயங்குதளத்துக்கே போய்விடு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனை இயந்திரத்தோடு பேசும் மென்பொருள் 7இல் மட்டும்தான் ஓடும் என்றால் உன்னால் என்ன செய்ய முடியும்? பழைய தளத்திலேயே புதிய போஸ்ட்கிரஸ் போடலாம், தாராளமாக. போஸ்ட்கிரஸ் குழு தனியாக நடத்தும் யம் ரெப்போவில் (மென்பொருள் களஞ்சியம்) சென்ட்ஓஎஸ் 7க்குக் கடைசியாகக் கிடைப்பது போஸ்ட்கிரஸ் 15. 16 முதல் 7க்குக் கட்டவில்லை. அந்த ரெப்போவைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் தெவ்ரிம் குந்துஸ். கைவிடப்பட்ட சர்வர்களை வைத்துக்கொண்டு தவிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அவர் செய்திருக்கும் உதவி கொஞ்சமல்ல. உனக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது: 15இன் பிஜி அப்கிரேட் (டேட்டாவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவி), பழைய பதிப்புகளில் 9.2 வரைதான் ஏற்றுக்கொள்ளும். நீ சரியாக அந்த எல்லையில் நிற்கிறாய்.

ரெப்போ வேலை கொஞ்சம் எரிச்சலூட்டும். சென்ட்ஓஎஸ்ஸின் மிரர் (நகல் சர்வர்) பட்டியல் முகவரி இப்போது இயங்குவதில்லை. ரெப்போ கோப்புகளில் அதை எடுத்துவிட்டு வால்ட் காப்பக முகவரியைப் போடு. 15ஐ நிறுவும்போது லிப்-இசட்-ஸ்டாண்டர்ட் என்ற நூலகம் வேண்டும் என்று நிற்கும். அது எபெல் என்ற கூடுதல் ரெப்போவில் இருக்கிறது, 7க்கான எபெலும் காப்பகத்துக்குப் போய்விட்டது. கையொப்பச் சரிபார்ப்பில் தடுக்கினால் சிலர் அதை அணைத்துவிடச் சொல்வார்கள். செய்யாதே. நோயாளிகளின் விவரம் இருக்கிற சர்வர் அது, சரியான சாவியைத் தேடி எடுத்துப் போடு.

புதியது தனி அடைவில் உட்கார்ந்துகொள்வதால் 9.2ஐத் தொடாது. போர்ட் (இணைப்பு வாசல் எண்) மட்டும் இரண்டுக்கும் 5432, அதனால் புதியதை 5433இல் ஓட்டிப் பார். முதலில் பேக்கப், அதையும் 15இன் பிஜி டம்ப் என்ற பேக்கப் கருவியைக் கொண்டு எடு. அப்புறம் பிஜி அப்கிரேட்டை ‘செக்’ (சோதித்துப் பார்) என்று மட்டும் கொடுத்து ஓட்டு. ஓஐடி (வரிகளுக்கு போஸ்ட்கிரஸ் தானே தரும் உள் எண்) வைத்து உருவாக்கிய பழைய டேபிள்கள் இருந்தால் அங்கேயே சொல்லிவிடும், 12இலிருந்து அவை கிடையாது. ‘லிங்க்’ முறை (நகலெடுக்காமல் பழைய கோப்புகளையே பயன்படுத்துவது) வேகமானது, ஆனால் அதில் மாற்றிய பிறகு புதியதை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. வட்டில் இடம் இருந்தால் நகலெடுக்கும் முறையையே எடுத்துக்கொள். முடிந்ததும் அனலைஸ் ஓட்ட மறக்காதே, தேடலைத் திட்டமிட போஸ்ட்கிரஸ் வைத்திருக்கும் புள்ளிவிவரங்கள் பழையதிலிருந்து உடன் வராது. அது இல்லாமல் திறந்துவிட்டால் புதியது பழையதைவிட மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் உன்னைப் பிடுங்குவார்கள்.

கடவுச்சொல் விஷயத்தையும் கவனி. 14இலிருந்து புதிதாக வைக்கும் கடவுச்சொற்கள் ஸ்கிராம் என்ற புதிய, பாதுகாப்பான முறையில் சேமிக்கப்படும். இயந்திரத்தின் மென்பொருள் தனக்குள் பழைய இணைப்பு நூலகத்தை வைத்திருந்தால், 10ஆம் எண் அங்கீகார முறை தெரியாது என்று சொல்லி இணைய மறுக்கும். பழைய பயனர்களின் கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பழைய முறையிலேயே உடன் வந்துவிடும், யாருடைய கடவுச்சொல்லையாவது மாற்றும்போது இது தலைதூக்கும். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் எம்டி5ஐ விட்டுவை. மற்ற எல்லோரையும் ஸ்கிராமுக்கு மாற்று.

இதெல்லாம் ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. எனக்கு உண்மையான பயம் அடுத்த கட்டத்தில்தான். இயந்திர மென்பொருளுக்கு என்றைக்காவது புதிய பதிப்பு வரும், நீயும் சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான ராக்கி லினக்ஸுக்கோ அல்மாவுக்கோ மாறுவாய். அன்று யாராவது, ‘இங்கேயும் 15, அங்கேயும் 15, டேட்டா அடைவை அப்படியே காப்பி செய்துவிடலாம்’ என்பார்கள். அதை மட்டும் அனுமதிக்காதே.

எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலையை போஸ்ட்கிரஸ் இயல்பாக இயங்குதளத்தின் ஜி-லிப்-சி என்ற அடிப்படை நூலகத்திடம் விட்டுவிடுகிறது. சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது அதன் 2.17 பதிப்பு. 2018இல் வந்த 2.28இல் வரிசை விதிகளே மாறின, ரெட் ஹாட் 8 வழி வந்தவை அந்த 2.28இல்தான் தொடங்குகின்றன. பழையதில் 11 முன்னால், 1-1 பின்னால். புதியதில் 1-1 முன்னால், 11 பின்னால். நடுவே வரும் சிறுகோட்டை முன்பு முதலில் பொருட்படுத்தாமல் விட்டார்கள், இப்போது அதையும் ஓர் எழுத்தாக எண்ணுகிறார்கள். உங்கள் மாதிரி எண்கள் எல்லாமே சிறுகோடு போட்டவைதானே! இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், தேடுவது புதிய வரிசையில் நடக்கும். பெயர் வரிசையில் அடுக்கிய அலமாரியில் வேறு அகரவரிசை தெரிந்தவர் தேடுகிற கதைதான். இருக்கிற நோயாளியை இல்லை என்று சொல்லும், யுனீக் (ஒருமுறைதான் வரலாம்) என்று வைத்த இடத்தில் ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்றுக்கொள்ளும். பிழைச் செய்தி வந்தால் பரவாயில்லை, பெரும்பாலும் அதுவும் வராது. ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனில் (மாற்றங்களை உடனுக்குடன் இன்னொரு சர்வருக்கு அனுப்பும் முறை) நகர்த்தினாலும் இதே கதிதான், அதுவும் கோப்புகளை அப்படியே கொண்டுபோவதுதான்.

அதனால் அன்றைக்கு டம்ப் எடுத்துப் புதிய தளத்தில் ரீஸ்டோர் செய், இண்டெக்ஸ்கள் அங்கே புதிதாகக் கட்டப்படும். நீண்ட நேரம் நிறுத்த முடியாது என்றால் கோப்புகளாக இல்லாமல் டேட்டாவை வரிவரியாக அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் இருக்கிறது, 10இலிருந்து அது உள்ளேயே வருகிறது. 9.2இல் அது கிடையாது. இப்போதே 15க்கு ஏறிவிடச் சொல்வதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. 7க்கான 15க்குப் புதிய திருத்தங்கள் இனி வராது. அந்த சர்வரை இணையத்தின் பக்கமே காட்டாதே, அறிக்கை எடுக்கும் கணினிகளுக்கு மட்டும் போர்ட்டைத் திற. நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கொடுத்துவிடு.

நாளை வேலைக்குப் போனதும் டேட்டாபேஸ் பட்டியலை எடுத்து, கொலேட் (எழுத்து வரிசை முறை) என்ற பத்தியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. வெறும் ‘சி’ என்று இருந்தால் வரிசை பற்றி நான் எழுதியது உனக்குப் பொருந்தாது. எதுவாக இருந்தாலும் 15இன் இனிட் டிபி (புதிய டேட்டா அடைவை உருவாக்கும் கட்டளை) ஓட்டும்போது அதே லொக்கேலைக் (மொழி அமைப்பு) கொடு, இல்லாவிட்டால் பிஜி அப்கிரேட் ஆரம்பத்திலேயே மறுத்துவிடும்.

அன்புடன்,
தேன்மொழி