இருபத்துநாலு கண் பாலம்

லீட்ஸ்,
புதன் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லச் சொல்லுங்கள். போனில் நான் இங்கே உள்ள ரிபிள்ஹெட் ரயில் பாலத்தைப் பற்றி ஆரம்பித்ததுமே, “எழுதி அனுப்புடா, நிதானமா படிச்சுக்கிடுதேன்” என்றீர்கள். அதனால்தான் இது.

நேற்று எனக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு காலை வண்டியில் ஏறிவிட்டேன். லீட்ஸிலிருந்து வடக்கே கார்லைல் போகிற லைன். செட்டில் என்கிற சின்ன ஊர் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். நூற்றுக்கு ஒன்று ஏற்றம், மைல் கணக்கில் விடாமல் ஏறுகிறது. நீராவி எஞ்சின் காலத்தில் கரி அள்ளிப்போட்ட ஆட்களின் இடுப்பு ஒடிந்திருக்கும். செட்டிலிலிருந்து கார்லைல் வரை எழுபது மைலுக்கு மேல். 14 குகை, இருபதுக்கும் அதிகமான பெரிய பாலங்கள். மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனி போட்டது. 1876 மே மாதம் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியிருக்கிறது. நம்ம செங்கோட்டை - கொல்லம் லைனுக்கு இருபத்தெட்டு வருஷம் மூத்தது.

முதலில் கார்ஸ்டேல் ஸ்டேஷனில் இறங்கினேன். சுற்றிலும் வெறும் மேய்ச்சல் மலை, ஆடுகள், காற்று. பிளாட்பாரத்திலேயே பழைய மர சிக்னல் கேபின். கைகாட்டி இன்னமும் வேலை செய்கிறது அப்பா! உள்ளே ஆள் லீவரை இழுக்க, கை இறங்குகிற அந்தச் சத்தத்தை எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன். வீடியோ எடுத்திருக்கிறேன், தங்கச்சி போனுக்கு அனுப்புகிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு நாய்க்கு வெண்கலச் சிலை இருக்கிறது. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். 1980-களில் இந்த லைனையே மூடப் பார்த்தார்கள். பாலத்தைப் பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம். இருபதாயிரத்துக்கும் அதிகமான பேர் ஆட்சேபணை எழுதிப் போட்டார்கள். அதில் ரஸ்வார்ப் என்ற நாயின் பாதத் தடம் பதித்த மனுவும் ஒன்று. அதுவும் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்தது என்பதால் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 1989 ஏப்ரலில் மூடுவதில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மறு வருஷம் அந்த நாயின் சொந்தக்காரர் வேல்ஸ் மலையில் நடக்கப் போன இடத்தில் இறந்துபோனார். பதினொரு வாரம், குளிரிலும் மழையிலும், உடலை விட்டு நகராமல் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது ரஸ்வார்ப். சிலைக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

அங்கிருந்து திரும்பும் வண்டியில் டென்ட் ஸ்டேஷன் வந்தது. இங்கிலாந்தின் மெயின் லைனில் இதைவிட உயரத்தில் வேறு ஸ்டேஷன் கிடையாது, 1,150 அடி. அடுத்தது பிளீ மூர் குகை, நீளம் 2,400 மீட்டர். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் உள்ள நம் குகையில் ராந்தலோடு நடந்த கதையை நீங்கள் சொல்வீர்களே, அதுபோல இரண்டு பங்குக்கு மேல். வெளியே வந்ததும் பாலம்.

ரிபிள்ஹெட் பாலம். 24 கண், அதாவது 24 வளைவு. நீளம் 400 மீட்டர், உயரம் 32 மீட்டர். தூண்கள் சுண்ணாம்புக்கல், வளைவின் உள்புறம் செங்கல். அந்தச் செங்கலையும் அங்கேயே சூளை போட்டுச் சுட்டிருக்கிறார்கள். 1870-ல் தொடங்கி 1874-ல் கடைசிக் கல் வைத்தார்கள். மேலே சதுப்பு நிலம், அடியில் பாறை கிடைக்கும் வரை தோண்டித்தான் அஸ்திவாரம்.

உங்களுக்கென்று நான் பார்த்து வைத்தது ஒன்று உண்டு. எல்லாத் தூணும் ஒரே பருமன் இல்லை. ஆறு கண்ணுக்கு ஒரு தூண் மற்றவற்றைவிடத் தடிமன். ஒரு தூண் போனால் அடுத்தடுத்து எல்லாம் சரியும் அல்லவா? இப்படிக் கட்டினால் சரிவு அந்த ஆறோடு நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, அடியில் நடந்து போனால்தான் தெரிகிறது. கட்டும்போதே விழுவதையும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாலத்தில் ரொம்பப் பிடித்தது அந்தத் தடித்த தூண்தான். இங்கே எல்லோரும் தூரத்திலிருந்து முழுப் பாலத்தையும் எடுக்கிறார்கள். நான் தூணின் கல் இணைப்பு, தண்ணீர் இறங்கிய கறை, வளைவுக்கு அடியில் செங்கல் என்று எடுத்திருக்கிறேன். மேலிருந்து மழைநீர் உள்ளே இறங்கித்தான் பாலம் கெட்டதாம். மூடுவதில்லை என்று முடிவானபின் நீர் இறங்காமல் மேல்தளத்தைச் சரி செய்தார்கள், பயமுறுத்திய அளவுக்குச் செலவும் ஆகவில்லை. “தண்ணிக்கு வழி விட்டாத்தான் தண்டவாளம் நிக்கும்” என்று நீங்கள் தண்டவாளம் பராமரிக்கிற கேங்குக்கு மேட்டாக (தலைவராக) இருந்தபோது பையன்களிடம் கத்துவது ஞாபகம் வந்தது.

பாரத்தைக் குறைக்க 1985-லேயே பாலத்தின் மேல் ஒற்றை லைன் ஆக்கிவிட்டார்கள். வேகம் மணிக்கு 30 மைல்தான். படம் எடுப்பவனுக்கு அது வரப்பிரசாதம். பாலம் லேசாக வளைந்து போவதால் இரண்டு பெட்டி டீசல் வண்டிகூட அழகாக விழுகிறது. மத்தியானத்துக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து தூண்களில் படும், அந்தப் பக்கம் போய் நில் என்று அங்கே காத்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். மடியில் நோட்டு, அதில் எஞ்சின் நம்பர்கள். கார்லைலிலிருந்து மரக்கட்டை ஏற்றிய கூட்ஸ் வரும், போய்விடாதே என்றும் அவர்தான் நிறுத்தி வைத்தார். வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்புகிறேன்.

சாயங்காலம் சாப்பல்-லி-டேல் என்ற இடத்தில் உள்ள சின்ன சர்ச் வரை நடந்தேன். பாலம் கட்டிய கூலிக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தச் சதுப்பில் குடிசை போட்டு இருந்திருக்கிறார்கள். செபாஸ்டபோல், ஜெரிக்கோ என்று தங்கள் குடிசைக் கூட்டத்துக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் நிறையப் பேர் செத்தார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஏறக்குறைய இருநூறு பேர் அந்த சர்ச் மண்ணில் கிடக்கிறார்கள். சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: செட்டிலுக்கும் டென்ட் ஹெட்டுக்கும் நடுவே வேலையில் இறந்தவர்கள் நினைவாக, உடன் வேலை செய்தவர்களும் கம்பெனியும் சேர்ந்து செலவு செய்து வைத்தது. கம்பெனி கொடுத்தது பெரிதில்லை. அன்றாடக் கூலி வாங்கியவர்கள் தங்கள் காசைப் போட்டுக் கல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லில் ஒருவர் பெயரும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் வேலை பார்த்த காலத்தில் மழையில் மலைச்சரிவு காவலுக்குப் போன ஆட்கள் பெயரெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டு வாங்கி எழுதி வையுங்கள் அப்பா. யார், எந்த ஊர், எந்த கேங், எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அவ்வளவும். கை நடுங்கினால் தங்கச்சியிடம் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். பொங்கலுக்கு நான் வரும்போது இருவருமாகக் கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலத்துக்குப் போவோம். அதிலும் ஒரு தூண் தடித்திருக்கிறதா? எனக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள்.

படங்களை அடுத்த மாதம் ஊருக்கு வரும் மாமா பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

உங்கள் அன்பு மகன்