லெஸ்டர் இங்கிலீஷை லெஸ்டரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

எடிசன், நியூஜெர்சி
2026 பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நலம். விசா வந்து, மே மாதத்துக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போனில் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன். பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுப்பது ஏ4 தாள். இங்கே தாளே வேறு, 8.5க்கு 11 அங்குலம். அகலம் ஒரு இழை அதிகம், நீளம் ஏறக்குறைய 2 செ.மீ. குறைவு. இங்கே வாங்கிய ஃபைலில் உங்கள் காகிதங்கள் தலையை நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ஊரிலிருந்தே ஒரு ஃபைல் கொண்டுவந்துவிடுங்கள்.

"இங்கிலாந்தில், லெஸ்டரில் ஆறு மாதம் இருந்தவனுக்கு அமெரிக்கா என்ன புதுசு" என்று அப்பா கேட்டீர்கள். சிக்கலே அதுதான். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் நீங்கள் நடத்தியது லண்டன் இங்கிலீஷ். லெஸ்டரில் அது அப்படியே செல்லுபடியானது. இங்கே குழாய்க்கு ஃபாசெட், டார்ச்சுக்கு ஃப்ளாஷ்லைட், லிஃப்ட்டுக்கு எலிவேட்டர். இவற்றால் தொல்லை இல்லை. தெரியாத சொல் வந்தால் நின்று கேட்பீர்கள். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் கேட்காமலே தலையாட்டிவிடுவீர்கள். அப்படிப்பட்டவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், சர்நேம் கட்டம் காலி. அதனால் விசாவில் அந்தப் பெயர் சர்நேம் இடத்துக்கு ஏறி, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகியிருக்கும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அச்சுப் பிழை இல்லை. இங்கே யாராவது "ஃப்னு" என்று கூப்பிட்டால் அது அம்மாதான். அப்பாவுக்கு இனிஷியலை விரித்து எழுதியிருப்பதால் மிஸ்டர் என்று தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பாருங்கள்.

தேதியை மாதம், நாள், வருஷம் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். 04/07 என்றால் நமக்கும் லெஸ்டருக்கும் ஜூலை 4. இங்கே ஏப்ரல் 7. எண் 12க்கு மேல் போனால் தப்பு தானாகத் தெரிந்துவிடும், 12க்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. எந்தப் படிவத்திலும் அப்பா மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். பால் கேனில் 06/05 என்று பார்த்து, மே மாதமே முடிந்துபோன பால் என்று அம்மா கொட்டிவிட வேண்டாம். அது ஜூன் 5 வரைக்குமான பால். மாடிக் கணக்கும் அப்படித்தான். இங்கே ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்பது தரைத்தளம். ஆஸ்பத்திரியில் செகண்ட் ஃப்ளோர் என்றால் ஒரு மாடி ஏறினால் போதும்.

இனி சமையலறை. அம்மாவுக்கு நீளமாகவே எழுதுகிறேன்.

மிக்ஸி கொண்டுவர வேண்டாம். லெஸ்டரில் மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், பின் மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 750 வாட் மிக்ஸியை அப்படியே செருகினால் முனகும், அரைக்காது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும், ஆனால் 1,500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் அம்மிக்கல் கனம். கிரைண்டருக்கு அதுவும் உதவாது. மிக்ஸி மோட்டார் ஹெர்ட்ஸைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. கிரைண்டரின் இண்டக்ஷன் மோட்டார் 50க்குச் செய்ததை 60இல் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், மாவும் சூடாகும். இங்கத்து மின்சாரத்துக்கான மிக்ஸியும் கிரைண்டரும் ஓக் ட்ரீ ரோடு கடைகளில் கிடைக்கின்றன, வீட்டிலும் இருக்கின்றன. போன் சார்ஜரில் 100-240 என்று எழுதியிருந்தால் அது மட்டும் வரலாம்.

பிளக் பாயிண்ட்டில் சுவிட்ச் இருக்காது, செருகினாலே மின்சாரம் வரும். விளக்கு சுவிட்ச் மேலே தள்ளினால் எரியும், கீழே தள்ளினால் அணையும். நம் ஊருக்கும் லெஸ்டருக்கும் தலைகீழ். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க நேரமாகிறதே, பழுதோ என்று நினைக்காதீர்கள். லெஸ்டர் கெட்டில் 3,000 வாட், ஒன்றரை லிட்டரை மூன்று நிமிஷத்துக்குள் கொதிக்க வைத்துவிடும். இங்கே ஒரு லைனுக்கு 15 ஆம்பியர், 120ஆல் பெருக்கினால் 1,800 வாட்தான். அதனால் கெட்டில்கள் 1,500 வாட்டோடு நின்றுவிடுகின்றன. ஆறு நிமிஷம் ஆகும். கெட்டிலும் மைக்ரோவேவும் ஒரே லைனில் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழும். பேஸ்மெண்ட் பெட்டியில் நடுவில் நிற்கிற சுவிட்சை முதலில் முழுக்க ஆஃப் பக்கம் தள்ளி, பிறகு ஆன் பக்கம் கொண்டுவர வேண்டும். நேராக ஆனுக்குத் தள்ளினால் நிற்காது.

கார்ன் ஃப்ளவர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் ஊரிலும் பிரிட்டனிலும் அந்தப் பெயரில் விற்பது வெள்ளை வெளேர் என்ற மாவுச்சத்து. இங்கே அதே பெயரில் வருவது மக்காச்சோளத்தை முழுசாக அரைத்த மாவு. சூப்பில் கரைத்தால் கெட்டிப்படாமல் நறநறவென்று அடியில் நிற்கும். நமக்கு வேண்டியது கார்ன் ஸ்டார்ச். கால் லிட்டர் குழம்புக்கு ஒரு மேஜைக்கரண்டி, இரண்டு கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். மைதாவுக்கு ஆல் பர்ப்பஸ் என்று பெயர். லெஸ்டரில் பிளெயின் ஃப்ளவர். கொத்தமல்லித் தழை சிலாண்ட்ரோ. கொரியாண்டர் என்று கேட்டால் விதையைக் கொடுப்பார்கள். கர்ட் என்று தயிரைக் கேட்டால் சீஸ் கட்டிகளுக்குக் கை காட்டுவார்கள், யோகர்ட் என்று கேளுங்கள். வெண்டைக்காய்க்கு ஓக்ரா, லேடி ஃபிங்கர் இங்கே ஒருவகை பிஸ்கட். அந்த பிஸ்கட் என்ற சொல்லும் இங்கே பிஸ்கட் இல்லை, வெண்ணெய் போட்ட மெத்தென்ற பன் மாதிரி ஒன்று. டீக்குத் தொட்டுச் சாப்பிடுவது குக்கி. சிப்ஸ் விஷயத்தில் மட்டும் நாம் அமெரிக்காக்காரர்கள் பக்கம்: பாக்கெட்டில் வரும் உருளைக்கிழங்கு வறுவல் இங்கேயும் சிப்ஸ்தான். லெஸ்டரில் அதைக் கிரிஸ்ப்ஸ் என்று சொல்லச் சொல்லி அப்பாவை நான் படுத்தியதற்கு மன்னிப்பு. கத்தரிக்காய்க்கு நாம் சொல்லும் பிரிஞ்சால் இரண்டு ஊரிலும் எடுபடாது. அங்கே ஓபர்ஜீன், இங்கே எக் பிளாண்ட்.

பால் கேலனில் வரும். அப்பா கணக்கில் போட்ட 4.5 லிட்டர் கேலன் பிரிட்டிஷ் கேலன், இங்கே 3.785 லிட்டர். பைண்ட்டும் அங்கே 568 மில்லி, இங்கே 473. லெஸ்டரில் மூடியின் நிறத்தைப் பார்த்தே வாங்கினோம்: நீலம் முழுக்கொழுப்பு, பச்சை பாதி, சிவப்பு ஆடை நீக்கியது. இங்கே நிறத்தை நம்பக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்தைப் படியுங்கள். ஹோல் என்று இருந்தால் தயிர் கெட்டியாகத் தோயும், 2 சதவீதத்திலும் தோயும், ஸ்கிம் என்றால் நீர்த்தயிர்தான். காய்கறி விலை பவுண்டுக்கு எழுதியிருப்பார்கள். கிலோ விலை வேண்டுமானால் 2.2ஆல் பெருக்குங்கள். ரூபாயாக மாற்றிப் பார்க்க வேண்டாம், அப்புறம் அம்மா கீரையே வாங்க மாட்டீர்கள்.

மருந்து விஷயத்தை இரண்டு தடவை படியுங்கள். பாராசிட்டமால் என்ற பெயர் இங்கே கடையில் கிடையாது. அதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர், டைலினால் என்று விற்பது அதுதான். நம் டோலோவும் இதே மருந்துதான், ஒரு மாத்திரை 650 மில்லிகிராம். இங்கே 325, 500 என்று வரும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4,000ஐத் தாண்டவே கூடாது, தாண்டினால் ஈரல் கெடும். சளிக்கும் இருமலுக்கும் விற்கும் கலவை மருந்துகள் பலவற்றிலும் இது ஒளிந்திருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவையும் இங்கே வாங்கிய சிரப்பையும் வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து. பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டுக்கு 16 மாத்திரைதான் தருவார்கள். இங்கே நூறு மாத்திரை டப்பாவை யாரும் ஒன்றும் கேட்காமல் பில் போட்டுவிடுவார்கள். அம்மாவின் இன்ஹேலர் சால்புட்டமால், இங்கே ஆல்புட்ரால். மெட்ஃபார்மின் மட்டும் மெட்ஃபார்மின்தான். கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டு இங்கே யாருக்கும் புரியாது. டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதி வாங்கி, மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள்.

ஒரு நல்ல சேதி. லெஸ்டரில் அப்பாவுக்கு சுகர் 7 என்று சொன்னதும், குணமாகிவிட்டது என்று மைசூர்பாக் கேட்டீர்களே. அங்கே அளவே வேறு, 18ஆல் பெருக்கினால் 126. இங்கே நம் ஊர் மாதிரி நூற்றுக்கணக்கில்தான் சொல்வார்கள், ஏமாற வழியில்லை. காய்ச்சலும் நம் தெர்மாமீட்டர் போல ஃபாரன்ஹீட். வானிலையையும் ஃபாரன்ஹீட்டில் சொல்வதுதான் புதுசு. 70 என்றால் சுகமான நாள், 32 என்றால் தண்ணீர் உறையும். அங்கே சர்ஜரி என்பது டாக்டரின் கிளினிக், இங்கே ஆபரேஷன் மட்டும்தான். அவசரத்துக்கு 911. லெஸ்டரில் அவசரப் பிரிவுக்குப் போனால் சுற்றிப்பார்க்க வந்தவர்களிடம்கூட அங்கே பார்க்கிற வைத்தியத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. இன்ஷூரன்ஸ் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

ரோட்டில் வண்டி வலப்பக்கம் ஓடும், ஆகவே கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். லெஸ்டரிலும் நம் ஊரிலும் பழகிய கழுத்து வலப்பக்கம்தான் திரும்பும், அதைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். நடக்கச் சொல்லும் பொம்மை பச்சை இல்லை, வெள்ளை. வெள்ளை வந்ததும் இறங்கிவிடாதீர்கள்: சிவப்பு விழுந்திருந்தாலும், தடைப் பலகை இல்லாத இடத்தில், வண்டிக்காரர் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம் என்பது இங்கே சட்டம். அவர் தன் இடப்பக்கம் வரும் காரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், வலப்பக்கம் நிற்கிற உங்களை இல்லை. கண்ணுக்குக் கண் பார்த்த பிறகு இறங்குங்கள். நாம் பிளாட்பாரம் என்று சொல்லும் நடைபாதை லெஸ்டரில் பேவ்மெண்ட், இங்கே சைட்வாக். இங்கே பேவ்மெண்ட் என்றால் கார் ஓடும் தார்ப்பரப்பு. பேரனைப் பார்த்து "பேவ்மெண்ட்டில் நட" என்று சொல்லிவிடாதீர்கள். சப்வே என்பது ரோட்டுக்கு அடியில் நடந்து கடக்கும் வழி இல்லை, நியூயார்க்கின் ரயில்.

கேஸ் என்றால் பெட்ரோல். நியூஜெர்சியில் மட்டும் பங்க்கில் நாமே பிடிக்கக் கூடாது, ஆள்தான் பிடிப்பார். ஊர் மாதிரி உட்கார்ந்தே இருக்கலாம். பானெட் இங்கே ஹூட், டிக்கி டிரங்க். ஸ்டெப்னி என்று சொன்னால் இரண்டு நாட்டிலும் விழிப்பார்கள். வேல்ஸில் லனெலி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில், உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர் அது. பிறந்த ஊரைவிட நம் ஊரில்தான் அந்தச் சொல் நன்றாக வாழ்கிறது.

கடையில் எழுதிய விலை கொடுக்கும் விலை இல்லை. பிரிட்டனில் வரி விலைக்குள்ளேயே இருக்கும். இங்கே கவுண்டரில் 6.625 சதவீதம் சேரும். துணிக்கும் பெரும்பாலான மளிகைக்கும் வரி இல்லை. ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ். அப்பா அதை வாதம் பண்ணாமல் கொடுத்துவிடுங்கள், பரிமாறுகிறவர்களின் சம்பளமே அதை நம்பித்தான். சில்லறையில் 10 சென்ட் காசு 5 சென்ட் காசைவிடச் சிறிது, அதில் பத்து என்று எண்ணும் இருக்காது. செருப்பு வாங்கும்போது ஆண்களுக்கு நம் பாட்டா அளவோடு ஒன்று கூட்டுங்கள், 8 என்றால் 9.

பேரன் இப்போது மூன்றாம் கிரேடு, நம் மூன்றாம் வகுப்பேதான். லெஸ்டரில் இருந்திருந்தால் இயர் 4. அவனுக்குப் பாடம் சொல்லித்தரும்போது இசட் என்றால் சிரிப்பான், ஜீ என்பான். முற்றுப்புள்ளி இங்கே பீரியட். ஸ்டேஷனரிக் கடையில் ரப்பர் கேட்காதீர்கள், எரேசர் என்று கேளுங்கள். ரப்பர் என்றால் மருந்துக்கடையில் வேறு அலமாரிக்குக் கை காட்டுவார்கள். அதற்கு மேல் அப்பாவுக்கு நான் எழுத மாட்டேன். உங்கள் மாணவர்கள் யாராவது இங்கே எஞ்சினியர் என்று பெருமையாகச் சொல்லும்போது, அவன் என்னிடம் படித்து பாஸ் அவுட் ஆனவன் என்று சொல்லாதீர்கள். மயங்கி விழுந்தவன் என்று அர்த்தமாகிவிடும். இது லெஸ்டரிலும் அப்படித்தான், அங்கேயே சொல்ல மறந்துவிட்டேன்.

ஹவ் ஆர் யூ என்று கவுண்டர் பெண் கேட்டால், குட் என்று ஒரு சொல்லோடு நிறுத்துங்கள். அம்மாவின் முழங்கால் வலியை அங்கே தொடங்கினால் பின்னால் வரிசை நிற்கும்.

பெட்டியில் இடம் இருந்தால் மஞ்சப்பை ஏழெட்டுப் போடுங்கள். 2022 மே முதல் இங்கே கடைகளில் பிளாஸ்டிக் கைப்பை கிடையாது, பெரிய மளிகைக் கடைகளில் காகிதப் பையும் கிடையாது. உங்கள் பைகளைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்பார்கள்.

மார்ச் 8 ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவோம். இப்போது நீங்கள் காலை 7 மணிக்கு அழைத்தால் இங்கே முந்தின இரவு 8.30. அதற்குப் பிறகு 9.30 ஆகிவிடும், பேரன் தூங்கிவிடுவான். 6 மணிக்கே அழையுங்கள், அப்பா எப்படியும் எழுந்துதான் இருப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்