எக்கோஸ்போர்ட் வாங்கலாமா என்று கேட்ட மகளுக்கு

குரோம்பேட்டை, சென்னை
16 நவம்பர் 2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முடிச்சூரில் விலைக்கு இருக்கும் அந்தப் பழைய ஃபோர்டு எக்கோஸ்போர்ட் காரை நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்திவிட்ட பிறகு இதை வாங்கலாமா என்றுதான் நீ கேட்டிருந்தாய். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் என்பது நீ நான்கு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதனால் நான் நினைப்பதை நீயும் மாப்பிள்ளையும் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி நல்ல வண்டிதான். 2019 மார்ச்சில் பதிவான டீசல் வண்டி, ஒரே உரிமையாளர், ஓடியது அறுபத்தோராயிரம் கிலோமீட்டர். விற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; மகன் வீட்டோடு போய்விடப் போகிறார் என்பதால் கொடுக்கிறார். சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்தார். முடிச்சூர் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றதை நாம் எப்படி மறக்க முடியும்? ஆகவே நம் பல்லாவரம் மெக்கானிக்கையும் கையோடு அழைத்துப் போனேன். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் அந்தக் கடைசி ஓரடி நாடாவை வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்த ஓரடியில் சேற்றின் கோடு தங்கிவிடும் என்றார். நாடா சுத்தமாக இருந்தது. இருக்கை நகரும் இரும்புச் சட்டத்தில் துரு இல்லை. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தோம், ஈர வாடையும் இல்லை. டயர்களில் 4818 என்று இருந்தது, அதாவது 2018-ஆம் ஆண்டின் நாற்பத்தெட்டாவது வாரத்தில் செய்தவை. நான்கையும் மாற்றியாக வேண்டும். மற்றபடி கிளட்ச், கியர், புகை எதிலும் அவர் குறை சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. இடது பக்கப் பின்விளக்கின் கீழ் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதன் மேல் எம்-சீல் வைத்து அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஆசிரியர் அதை மறைக்கவில்லை. ஆட்டோ ஒன்று இடித்துவிட்டது, விளக்கு எரிகிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன் என்றார். அவருக்கு அது சிறிய விஷயம். ஜி.பி. ரோட்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதிய எனக்கு, அந்த எம்-சீலைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

நான் 1991-இல் அங்கே சேர்ந்தபோது கடையின் பரணில் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் ஸ்டாண்டர்டு 2000-க்கும் உரிய பொருள்கள் தூசி படிந்து கிடந்தன. ஸ்டாண்டர்டு 2000 என்பது 1985-இல் நம் சென்னையில் செய்த கார்; சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. அந்த வண்டி வைத்திருந்தவர்கள் கடைக்கு வந்து, கையில் உடைந்த பொருளை வைத்துக்கொண்டு, வேறு எந்த வண்டியின் பொருளாவது இதற்குப் பொருந்துமா என்று கேட்பார்கள். அதே நாள்களில் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் மூட்டை மூட்டையாகப் பொருள் வந்து இறங்கும். பத்மினி நின்று பல ஆண்டுகள் ஆனபிறகும் அதன் பொருளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. காரணம் கம்பெனி இல்லை. சாலையில் லட்சக்கணக்கில் ஓடியது, வடிவம் பல்லாண்டு மாறவில்லை, ஆகவே சின்னச் சின்னப் பட்டறைகள் எல்லாம் அதற்குப் பொருள் செய்தன. ஒரு கம்பெனி போய்விட்டதா என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அந்தப் பொருளை வேறு யாராவது செய்கிறார்களா என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கடையில் என்னிடம் இரண்டு நோட்டுகள் இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஒன்று அன்றாட வரவு செலவு. மற்றது நீல அட்டை போட்ட பாக்கி நோட்டு. வாடிக்கையாளர் கேட்டு, நாங்கள் சொல்லி வைத்து, இன்னும் வந்து சேராத பொருள்களை அதில்தான் எழுதுவேன். அந்த நோட்டில் பிரேக் பேட், ஃபில்டர், கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் ஆகியவை இரண்டு நாளுக்கு மேல் நின்றதே இல்லை. தேய்ந்து போகும் பொருளுக்கு எப்போதும் ஆள் உண்டு. கார் கம்பெனிக்கே செய்து கொடுத்தவர்கள் தங்கள் பெயரிலும் விற்பார்கள். மாதக்கணக்கில் அடிக்கப்படாமல் நின்ற வரிகள் வேறு. விளக்கு, பம்பர், கண்ணாடி, கதவின் உள்பூட்டு, கன்ட்ரோல் யூனிட், அந்த மாடலுக்கென்றே செய்த ஒயரிங். இவை தேய்வதில்லை, இடித்தால்தான் போகும். எப்போதோ ஒருமுறை கேட்கப்படும் பொருளுக்கு அச்சு செய்ய வெளியில் யாரும் துணிய மாட்டார்கள். அந்தப் பின்விளக்கு இந்தப் பட்டியலைச் சேர்ந்தது.

இனி நீ கேட்ட கம்பெனிக்கு வருகிறேன். ஃபோர்டு 1995-இல் மஹிந்திராவோடு கூட்டாக இங்கே வந்து, மறைமலை நகரில் ஆலை வைத்தது. 2013-இல் எக்கோஸ்போர்ட் வந்தபோது கடையில் எல்லோருக்கும் அதன் பேச்சுதான். நான்கு மீட்டருக்குள் இப்படி ஒரு உயரமான வண்டியா என்று வியந்தார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து ஆண்டுகளில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. மறைமலை நகரிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. வாங்கியவர்களைக் கைவிட மாட்டோம், தில்லி, சென்னை, மும்பை, சாணந்த், கொல்கத்தா ஆகிய ஊர்களில் உதிரிபாகக் கிடங்குகள் இருக்கும் என்றும் அப்போதே சொன்னது. ஃபோர்டு திரும்பி வருகிறதே என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அதுவும் உண்மைதான். 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். போன மாதக் கடைசியில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே செய்யப்போவது ஏற்றுமதிக்கான எஞ்சின், அதுவும் 2029 வாக்கில். 2019-ஆம் ஆண்டு எக்கோஸ்போர்ட்டின் பின்விளக்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதே.

வெள்ளிக்கிழமை பழைய கடைக்குப் போன் செய்து விசாரித்தேன். இப்போது கல்லாவில் இருக்கும் பையன் நான் கணக்கு கற்றுக்கொடுத்தவன், என்னிடம் பொய் சொல்ல மாட்டான். இந்த 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றிலும் இருந்தது என்பதால் எஞ்சின் பொருளுக்கு இன்று கவலை இல்லை என்றான். பின்விளக்கைக் கேட்டேன். சொல்லி வைத்தால் வரும் அக்கா, நாள் சொல்ல முடியாது என்றான். முன்பக்கப் பொருள் என்றால் 2017 நவம்பரில் முகம் மாறியதற்கு முந்தையதா பிந்தையதா என்று பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னான்.

நாள் சொல்ல முடியாது என்பதன் பொருள் நம் வீட்டுக்குத் தெரியும். நம் வெள்ளைக் காரை நினைத்துப் பார். அந்தக் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போன அடுத்த ஆண்டு கியர் கேபிள் அறுந்தது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ப் பொருள். நாற்பத்தேழு நாள் வண்டி ஷெட்டில் நின்றது. அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அது. ஒவ்வொரு முறையும் ஆட்டோவின் குலுக்கலுக்குப் பயந்து அவர் நெஞ்சைத் தலையணையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில் புதுப்பேட்டையில், உடைத்துப் போட்டிருந்த ஒரு வண்டியிலிருந்து கழற்றித்தான் அந்தக் கேபிளை வாங்கினோம். உதிரிபாகக் கடையில் வேலை செய்பவள் வீட்டிலேயே இந்த நிலை. அதிலும் நாங்கள் சென்னையில் இருந்தோம். புதுப்பேட்டை அரை மணி நேரம்.

இதுதான் நான் சொல்ல வந்தது. தாம்பரத்திலோ வேளச்சேரியிலோ நீ குடியிருந்தால், பேரம் பேசி இந்த வண்டியை நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் வேலை பார்த்துவிட்டுத் தனியாக ஷெட் போட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். இந்த வண்டியின் பழுதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் அவர்களிடம் உண்டு. ஜி.பி. ரோட்டில் இல்லாதது புதுப்பேட்டையில் கிடைக்கும். வண்டி ஒரு மாதம் நின்றாலும் மின்சார ரயில் இருக்கிறது. நீ இருப்பது கூடலூர். ஊட்டியே ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. மைசூர்ப் பக்கம் போகலாம் என்றால் பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு ஒன்பது மணிக்கு மூடினால் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். ஒரு சென்சார் கெட்டு வண்டி நின்றால், என்ன கெட்டது என்று கண்டுபிடிக்கவே அதை லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு இறக்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் உயரமான வண்டி வேண்டும் என்று நீ நினைப்பது சரி. அந்தச் சாலைக்கு அது தேவைதான். ஆனால் அதே சாலைதான் இந்த வண்டியை அங்கே வைத்திருப்பதையும் கடினமாக்குகிறது.

இன்ஷூரன்ஸிலும் ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கும், கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட மாடலுக்கும் எவ்வளவு மதிப்பு என்பதை இன்ஷூரன்ஸ் கம்பெனியும் நீயும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அட்டவணை கிடையாது. பழுது பார்க்கும் செலவு அந்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் வண்டியை முழு நட்டம் என்று முடித்துவிடலாம். பொருள் விலை ஏற ஏற, வண்டி மதிப்பு இறங்க இறங்க, முன்பு ஒரு மாதத்தில் சரிசெய்து கொடுத்திருக்கக்கூடிய மோதலே வண்டியின் முடிவாகிவிடும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

உன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன். வங்கியில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றல். அடுத்தது வெளிமாநிலமாக இருந்தால் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி, அங்கே மறுபடி சாலை வரி கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அல்லது கூடலூரிலேயே விற்க வேண்டும். இந்த வண்டியைப் பத்து ஆண்டு வைத்து ஓட்டப் போகிறவர்களுக்கு மறுவிற்பனை விலை ஒரு பொருட்டே இல்லை, அவர்களுக்கு இது லாபமான வண்டி. உன்னால் அப்படி வைத்திருக்க முடியுமா என்று உனக்கே தெரியாது.

ஆகவே இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மே மாத மாற்றல் பட்டியலில் கோயம்புத்தூரோ சென்னையோ கிடைக்கும் என்று உறுதியாக உனக்குத் தெரிந்தால் மட்டும் சொல். அப்போது பேச்சு வேறு. நான்கு டயர், எஞ்சின் பெல்ட், பின்விளக்கு இவற்றின் விலையைக் கழித்து ஐந்தரை லட்சத்துக்கு மேல் போகாமல் முடித்துத் தருகிறேன். வண்டி மேல் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 கையெழுத்தாகி ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீங்கியபிறகே பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30-இல் கையெழுத்து வாங்குவேன்.

அது வரைக்கும் ஒரு வேலை செய். ஒரு வாரம், வங்கிக்குப் போகும் வழியில் டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகள் எவை என்று எண்ணிப் பார். ஜீப் ஓட்டுகிறவர்களிடம், சைலன்சரோ லைட்டோ போனால் எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை நாளில் வருகிறது என்று கேள். கூடலூரிலேயே பொருள் கிடைக்கும் வண்டி எது என்று தெரிந்ததும் எனக்குச் சொல். அந்த மாடலில் நல்ல பழைய வண்டி ஒன்றை இங்கே நான் தேடுகிறேன்.

ஆசிரியரிடம் முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. புதன்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். பெருங்களத்தூரிலிருந்து இன்னொருவரும் கேட்டிருக்கிறாராம். நாம் இழுத்தடித்து அவருக்கு அந்த ஆளை இழக்க வைக்கக் கூடாது. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு மேல் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு கூப்பிடு.

அன்புடன்,
அம்மா