இன்னும் எட்டுக் கமரா வாங்குமுன்: திருகோணமலைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரின் வர்த்தகர் சங்கங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாக சபைகள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் அனைத்துக்கும்,

அன்புடையீர்,

ஒரு கடை உடைபட்டால், உண்டியல் களவு போனால், வாசலில் விட்ட மோட்டார் சைக்கிள் காணாமற்போனால் அடுத்த கூட்டத்தில் வரும் தீர்மானம் ஒன்றுதான்: இன்னும் கமரா பூட்டுவோம். காசு சேரும், மூன்று விலைக்கோரல் வரும், எட்டோ பதினாறோ கமரா சுவரில் ஏறும். கமரா பூட்டுவதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். இன்னும் வாங்குங்கள் என்று சொல்வதுதான் எங்களுக்கு லாபம். ஆனாலும் இந்த மடலில் கேட்பது வேறு. புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். ஏற்கனவே சுவரில் இருப்பதற்கு யார் பொறுப்பு என்று முதலில் ஒரு பெயரை எழுதி வையுங்கள்.

பதிவு தேவைப்படும் நாளில்தான் கமராப் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டியைத் திறக்கிறார்கள். அன்றைக்குத்தான் தெரியவரும், மூன்றாம் கமரா எப்போதோ நின்றுவிட்டது, மணிக்கூடு பிழை, ஹார்ட் டிஸ்கில் ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் இல்லை என்று.

அந்த ஐந்து நாள் கணக்கிலிருந்து தொடங்குவோம். பதிவு எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்டால், எல்லா இடத்திலும் "ஒரு மாதம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கமரா விநாடிக்கு 1 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிகாபைட். 4 மெகாபிக்சல் கமராவைப் பழைய எச்.264 என்ற சுருக்க முறையில் 4 மெகாபிட்டுக்கு விட்டால் ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட். எட்டுக் கமராவுக்கு 345. நீங்கள் வாங்கிய 2 டெராபைட் டிஸ்க் ஆறாம் நாள் நிறைந்து, பழையதன் மேல் புதியதை எழுதத் தொடங்கிவிடும். களவு நடந்து, முறைப்பாடு கொடுத்து, சங்கத் தலைவர் கொழும்பிலிருந்து திரும்பிப் பெட்டிச் சாவியைத் தர ஒரு கிழமை போய்விடும். அதே கமராக்களை எச்.265 முறைக்கு மாற்றி 2 மெகாபிட்டுக்குக் குறைத்தால் அதே டிஸ்கில் பதினொரு நாளுக்கு மேல் கிடைக்கும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, பெட்டிக்குள் பத்து நிமிட வேலை. ஒரு மாதம்தான் வேண்டுமென்றால் 6 டெராபைட் போட வேண்டும். அதுவும் கண்காணிப்புக்கென்று செய்த டிஸ்காக இருக்க வேண்டும். பழைய கணனியிலிருந்து கழற்றிய டிஸ்க் இரவுபகல் இடைவிடாமல் எழுதுவதற்குச் செய்யப்பட்டதல்ல.

அடுத்தது முகம். "முழுச் சந்தியும் தெரிய வேண்டும்" என்று சொல்லித்தான் எல்லோரும் கமராவை மேலே ஏற்றச் சொல்கிறார்கள். சந்தி தெரியும், ஆள் தெரியாது. ஆளை அடையாளம் காண ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 புள்ளி (பிக்சல்) வேண்டும் என்றது கண்காணிப்புக் கமராக்களுக்கான சர்வதேசத் தரக்குறிப்பான ஐஇசி 62676-4 இன் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு. முன்பே தெரிந்த ஒருவரை இவர்தான் என்று சொல்ல 125 போதும். நம் ஊரில் அதிகம் பூட்டியிருப்பது 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் உள்ள 1080பி கமரா. அதில் 250 புள்ளி கிடைப்பது சுமார் 4 மீற்றர் தூரம் வரைதான். மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 4 மீற்றரில் அந்த முகத்துக்கு 40 புள்ளி கிடைக்கும், 12 மீற்றரில் 13 புள்ளி. பதின்மூன்று புள்ளியை எந்த மென்பொருளால் பெருப்பித்தாலும் அது பதின்மூன்று புள்ளிதான். படங்களில் காட்டுவதுபோல் விசையைத் தட்டியதும் முகம் துலங்கி வராது.

ஆகவே சந்தியைப் பார்க்க ஒன்று போதும். மற்றதை வாசலுக்கு இறக்குங்கள். இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரம், குறுகிய இடத்தை நெருக்கிக் காட்டும் 6 மில்லிமீற்றர் லென்ஸ். உள்ளே வருபவர் கட்டாயம் கடக்கும் இடத்தை நோக்கி இருக்கட்டும். ஐந்து மீற்றர் உயரத்தில் வைத்தால் கிடைப்பது தலைக்கவசங்களின் படம்.

டச்சுக்குடாப் பக்கம் கிழக்கே பார்த்த கமராக்களுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை சூரியன் கடலிலிருந்து நேரே லென்ஸுக்குள் ஏறும். வாசலில் நிற்பவர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்தும் டபிள்யூடிஆர் என்ற அமைப்பைப் பெட்டியில் இயக்கிவிடுங்கள், கொஞ்சம் தேறும். கமராவை வெளியே பூட்டி வாசலை நோக்கித் திருப்பினால் முழுதாகத் தேறும்.

இனி நம் ஊர்க் காற்று. வாடை அடிக்கும் மாதங்களில் கடலுப்பு லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். பகலில் அது தெரியவே தெரியாது. இரவில் கமராவின் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் அந்தப் படலத்தில் பட்டுத் தெறித்து, திரை முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். கமரா பழுது என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். தேவையானது ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் ஒரு மென்மையான துணியும். முதலில் தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பொடியே கண்ணாடியைக் கீறிவிடும், அந்தக் கீறல் பிறகு போகாது. கச்சான் காலத்தில் இதே வேலையைப் புழுதிக்காகச் செய்ய வேண்டும். விளக்குச் சூட்டைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், அது லென்ஸின் முன்னாலேயே வலை கட்டும். காற்றில் ஆடும் ஒற்றை நூல் இரவு முழுவதும் "அசைவு" என்று பதிவாகும்.

மான்களைச் சொல்லாமல் விட முடியாது. பிரட்றிக் கோட்டையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் இரவில் உலாவும் மான்கள், அசைவு எச்சரிக்கை வைத்த ஒவ்வொரு கைபேசியையும் அடிக்க வைக்கின்றன. மூன்று நாள் பொறுப்பார்கள், நான்காம் நாள் எச்சரிக்கையையே நிறுத்திவிடுவார்கள். பிறகு கள்ளன் வந்தாலும் கைபேசி அடிக்காது. புதிய கமராக்களில் மனிதர், வாகனம் மட்டும் என்று தெரிவு செய்யலாம். பழையதில், மதிலுக்கு உட்புறம் மட்டும் கட்டம் வரைந்து மீதியை விட்டுவிடுங்கள்.

உப்பு லென்ஸோடு நிற்பதில்லை. இணைப்பு முனைகளை வெளியே தொங்கவிட்டுக் கறுப்பு இன்சுலேசன் ரேப் சுற்றுவது இங்கே வழக்கம். ஒரு மாரி தாண்டாது. உள்ளே செம்பு பச்சை பிடித்துவிடும். மூடியுள்ள பெட்டிக்குள் இணைப்பை வையுங்கள். வயர் பெட்டிக்குள் போகுமுன் கீழே ஒரு வளைவு விட்டு மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

"பகலில் நல்லா வேலை செய்யுது, இரவில் நின்று நின்று வருது" என்ற முறைப்பாடு கிழமைக்கு ஒன்று வரும். அதற்குக் காரணம் வயர். பகலில் கமரா இழுப்பது சிறிய மின்னோட்டம், இரவில் விளக்கு எரிந்ததும் அரை அம்பியரை எட்டும். 0.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 40 மீற்றர் தூரம் போய் வந்தால் 1.4 வோல்ற் வழியிலேயே போய்விடும். 12 வோல்ற் அனுப்பினால் கமராவுக்குக் கிடைப்பது 10.6. பல கமராக்கள் அந்த இடத்தில்தான் அணைந்து எழும்பும். மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினிய வயரில் இழப்பு இன்னும் ஒன்றரை மடங்கு. விலைக்கோரலில் வயரின் வகையை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஆள் எங்களில் ஒருவராக இருந்தாலும் சரி.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு பலர் யூபிஎஸ் வாங்கினார்கள். சின்ன யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று. பெட்டியும் எட்டுக் கமராவும் ரவுட்டரும் சேர்ந்து இரவில் 65 வாற்றளவு இழுத்தால் அது முக்கால் மணித்தியாலம்கூடத் தாங்குவது கடினம். இரண்டு மூன்று வருடத்தில் பற்றரியின் வலுவும் குறைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

மணிக்கூட்டுப் பிழை சின்ன விடயமாகத் தெரியும், வழக்கில் பெரிய விடயம். சில பெட்டிகள் சீன நேரத்தோடு வருகின்றன, நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னே. உள்ளே இருக்கும் சிஆர் 2032 என்ற சின்னப் பற்றரி இறந்தால் கரண்ட் போய் வரும்போது திகதியே பல வருடம் பின்னால் ஓடிவிடும். கைபேசியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கடவுச்சொல் பற்றி, வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். பூட்டியவர் வைத்த கடவுச்சொல்தான் இன்னும் பல பெட்டிகளில் இருக்கிறது. அந்த ஆள் நினைத்தால் உங்கள் வாசலை எப்போதும் பார்க்கலாம். தொழிற்சாலையில் வைத்த "அட்மின், 12345" அப்படியே இருந்தால் உலகமே பார்க்கலாம். 2016 இல் மிறாய் என்ற தீநிரல், இப்படிப்பட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு பல இலட்சம் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஒக்ரோபரில் அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்களை முடக்கினார்கள். வேலை முடிந்த அன்றே எங்களை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். நிர்வாகக் கணக்கு இருவரிடம் மட்டும் இருக்கட்டும், மற்றவருக்குப் பார்க்க மட்டும் கணக்குத் திறவுங்கள். வெளியிலிருந்து பெட்டிக்குள் வருவதற்கு ரவுட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள். சபை மாறும்போது சாவிக்கொத்தோடு கடவுச்சொல்லும் மாற வேண்டும்.

இனி முக்கியமானது. பதிவில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டித் திரையைக் கைபேசியால் படம்பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, "கள்ளன், பகிரவும்" என்று வட்ஸ்அப்பில் விடுகிறீர்கள். அந்த ஆள் வேறு யாராகவும் இருக்கலாம், பதின்மூன்று புள்ளிக் கணக்கு மேலே சொன்னோம். இந்த ஊரில் ஒரு தவறான முகம் எந்தச் சமூகத்துக்காரரின் முகம் என்பதும் உடனே கேள்வியாகும். பொலிஸ் வருமுன் கூட்டம் வந்துவிடும்.

1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இப்படியான பதிவுகளை நீதிமன்றத்தில் ஏற்க இடம் கொடுக்கிறது. கருவி சரியாக இயங்கியிருக்க வேண்டும், பதிவு மாற்றப்படாமலோ பாதுகாப்பான காவலிலோ இருந்திருக்க வேண்டும், எதிர்த்தரப்புக்கு விசாரணைக்கு 45 நாளுக்கு முன் அறிவித்தல் போக வேண்டும். கைபேசியில் பிடித்து நூறு பேரிடம் போன துண்டு இதில் எங்கே நிற்கும்? சாட்சியம் போதாமல் போவது என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 ஜனவரி 2 அன்று காந்தி சிலையடிக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2019 இல் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் சாட்சியம் போதாதென்றே விடுவிக்கப்பட்டார்கள்.

ஆகவே தேவைப்படும் நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணித்தியாலம் சேர்த்து, பெட்டியின் சொந்தக் கோப்பு வடிவத்திலேயே இரண்டு பென்டிரைவில் இறக்குங்கள். பார்க்க வசதியாக எம்பி4 பிரதியும் எடுக்கலாம். பெட்டி மணிக்கூடு எவ்வளவு பிழை, இறக்கியவர் யார், எத்தனை மணிக்கு என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். ஒன்றைப் பொலிஸாரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், மற்றதை உறையில் இட்டு ஒட்டி வையுங்கள். பாரிய குற்றமென்றால் டிஸ்கையே கழற்றி வைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

பார்க்கக்கூடாததைப் பார்க்காமலிருப்பதும் இதே பொறுப்புக்குள் வரும். தீர்த்தக் கிணற்றடி, உடை மாற்றுமிடம், பக்கத்து வீட்டு முற்றம் ஆகியவை கமராவின் பார்வைக்குள் வந்தால் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்டு மறையுங்கள். ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள், கோயில் வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வது சபைக்கு எதற்கு? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் திகதி தள்ளிப்போடப்பட்டது உண்மைதான். அதற்காக, கமரா இருக்கிறது, இன்னார் பொறுப்பு என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வைப்பதற்குத் திகதி பார்க்கத் தேவையில்லை.

அடுத்த கூட்டத்தில் புதிய கமரா என்ற பேச்சு எழுந்தால், ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். சபையில் யாராவது ஒருவர் எங்களைக் கூப்பிடாமல் பெட்டியின் முன் உட்கார்ந்து, பத்து நாளுக்கு முந்திய இரவு இரண்டு மணிப் பதிவை எடுத்துக் காட்டட்டும். பதினைந்து நிமிடம் கொடுங்கள். எடுத்துவிட்டால் விலைக்கோரல் கேளுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
கமரா பூட்டும், பழுதுபார்க்கும் தொழிலாளர் சிலர்
திருகோணமலை